தரை உட்காராது

குண்டெழுத்தை அவன் முதலில் வரைந்தது தெருமுனை ஜூஸ் கடைக்காக. ஒரு காலத்தில் பிஸ்கட் டப்பாக்களிலும் இசைத்தட்டு உறைகளிலும் இருந்த மாதிரியான எழுத்து. தின்று கொழுத்த எழுத்து. ஒவ்வொன்றும் பக்கத்து எழுத்தின் தோளில் சாய்ந்து நிற்கும். பின்னால் தடித்த நிழல். முன்னால், பலூனில் விழும் வெளிச்சம் போல ஒரு வெள்ளைக் கீற்று. சுழிகளுக்குள் இருக்கும் ஓட்டைகளை ஏறக்குறைய அடைத்துவிட்டான். ஊசி நுழையும் அளவுக்குத்தான் இடம். தூரத்திலிருந்து பார்த்தால் எழுத்து என்று தோன்றாது, தட்டில் வைத்த ஏதோ என்று தோன்றும். அதற்காகத்தான் அப்படி வரைந்தான்.

பிறகு எல்லோரும் அதையே கேட்டார்கள். முடிவெட்டும் கடை, டயர் கடை, பல் டாக்டர். சவ வண்டிக்காரர் கூட வந்து நின்றார்.

“வேண்டாம்ணே. பொணம் சிரிச்சுக்கிட்டே போற மாதிரி இருக்கும்.”

“அழுதுக்கிட்டே போனா மட்டும் திரும்பி வந்துருமா? போடுப்பா.”

போட்டான். வண்டி தெருவில் போகும்போது குழந்தைகள் ஐஸ் வண்டி என்று நினைத்துப் பின்னால் ஓடின. மறுவாரமே அதை அவனே சுரண்டி எடுத்தான். தெரு ஒரு மாதம் அதைச் சொல்லிச் சிரித்தது. அவனும் சிரித்தான். அதில் ஒரு பாடம் இருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

அவனை எல்லோரும் போர்டுக்காரன் என்பார்கள். கம்ப்யூட்டரில் வரைந்து, மெஷினில் ஸ்டிக்கர் வெட்டி, வேண்டாத பகுதியை ஊசியால் உரித்து ஒட்டுவது வேலை. வீட்டின் முன்னறைதான் கடை. பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில் அவன் மனைவியின் நீல டிரம் இருந்தது. அவள் தரை கழுவும் திரவம் தயாரித்தாள். சோப்பு நுரைக்கூழைத் தண்ணீரில் கொட்டி, மரக்கட்டையால் ஒரே பக்கமாக, மெதுவாகச் சுற்ற வேண்டும். அவசரப்பட்டால் டிரம் முழுக்க நுரைதான் இருக்கும். ஒரு நாள் அசையாமல் விட்டால் அடங்கும். பிறகு மஞ்சள் நிறம், எலுமிச்சை வாசனை. கடைசியாக, எண்ணெய்ப் பிசுக்கை அறுக்க, தோலையே வேகவைக்கும் காஸ்டிக் சோடா. காஸ்டிக் டின்னைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதன் மேல் இருந்த எச்சரிக்கையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பாள். எறும்பு அளவு எழுத்து.

“அதான் மனப்பாடம் ஆயிருச்சே, இன்னும் என்ன படிக்கிற?” என்று அவன் கேட்பான்.

“நேத்து இருந்தது இன்னைக்கும் இருக்கான்னு பாக்கறேன்.”

வீட்டில் மூன்றாவது ஆள் அவளுடைய அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாடி அறையில் இருந்தார். இரும்பு பீரோ செய்யும் பட்டறையில் பெயிண்ட் அடிக்கும் வேலை. பதினாறு வருடப் பெயிண்ட் புகையில் அவருக்கு மோப்பம் போய்விட்டது. பால் தீய்ந்தாலும் தெரியாது, காஸ் கசிந்தாலும் தெரியாது. அதனால் பட்டறையில் அவருக்கு வைத்த பெயர் மூக்கு. அவரும் தன்னை அந்தப் பெயராலேயே சொல்லிக்கொள்வார். “மூக்குக்கு இன்னைக்கு என்ன சாப்பாடு?” என்று கேட்டுக்கொண்டே மாடியிலிருந்து இறங்குவார்.

வெயில் காலத்தில் அவள் அண்ணனுக்கு எலுமிச்சை ஜூஸ் போட்டு, அவனுடைய குண்டெழுத்து ஒட்டிய ஜூஸ் கடைப் பழைய பாட்டிலில் ஊற்றி, வாசல் அருகே ஸ்டூலில் சாப்பாட்டுப் பையின் பக்கத்தில் வைப்பாள். பையும் பாட்டிலும் ஸ்டூலில் இருக்கும். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே இரண்டையும் எடுத்துக்கொண்டு போவார். இது பல வருடப் பழக்கம்.

அதுவரை அவளுடைய திரவம் பழைய கேன்களில்தான் போனது. கேனின் மேல் அவளே மார்க்கர் பேனாவால் ‘தரை’ என்று எழுதுவாள். இந்த வெயிலில்தான் புதுப் பாட்டில், புது லேபிள் என்று ஆரம்பித்தார்கள். லேபிளுக்கு ஒரு சண்டையும் நடந்தது.

“தரைங்கிறது பெருசா இருக்கணும்,” என்றாள் அவள்.

“தரை உக்காராது.”

“உக்காராதுன்னா?”

“இங்க வந்து பாரு.” திரையைத் திருப்பினான். “த-வுக்கு வால் கீழ போகுது. நடுவுல ரெண்டு சுழி. அப்புறம் ர. ர-வக் குண்டாக்கினா ஒத்தக் கால்ல நிக்கிற கொக்கு மாதிரி இருக்கு. எலுமிச்சையப் பாரு. எல்லாம் உருண்டை. இந்த ச்-க்கு மேல வர்ற புள்ளி இருக்குல்ல, அதையே ஒரு எலுமிச்சம்பழமா போட்டு ஒரு இலையும் வச்சிட்டேன். எப்படி?”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் விக்கிறது எலுமிச்சை இல்லையே.”

“கீழ போட்டிருக்கேன்ல. ‘தரை துடைக்க மட்டும்’.”

“எங்க?”

அவன் விரலால் காட்டினான்.

படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மூக்கு சொன்னார்: “மாப்ள, ஒரு தரைய உக்கார வைக்க முடியல, நீயெல்லாம் என்ன போர்டுக்காரன்? தரையிலதான்யா எல்லாரும் உக்காருறோம்.”

“மச்சான், நீங்க பீரோவுக்குப் பச்சை அடிங்க. எழுத்த என்கிட்ட விடுங்க.”

சண்டை அத்துடன் சிரிப்பில் முடிந்தது. லேபிள் அவன் இஷ்டப்படியே போனது.

முதல் தடவை பன்னிரண்டு பாட்டில். ஒரே சாயங்காலத்தில் பதினொன்று போய்விட்டது. குழந்தைகள் காப்பகத்துக்கு மூன்று, முடிவெட்டும் கடைக்கு இரண்டு, சாப்பாட்டுக் கடைக்கு ஐந்து, பக்கத்து வீட்டு டெய்லரம்மாவுக்கு ஒன்று. மீதி ஒன்று வீட்டில்.

மறுநாள் காலை பத்து மணிக்கே தெருவில் தார் இளகியது. டெய்லரம்மா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

“ஏக்கா, உங்க ஜூஸு ரொம்ப நுரைக்குதுக்கா.”

“என்ன ஜூஸு?”

“எங்க வீட்டுக்காரர் ஒரு டம்ளர்ல ஐஸ் போட்டு, அழகா ஊத்தி, வாய்கிட்ட கொண்டு போயிட்டாரு. வாசனை இடிச்சிருக்கு. ‘ஏண்டி, இது ஜூஸா சோப்பா’ங்கிறாரு. ‘படிச்சுப் பாக்கறதுக்கு என்ன, கண்ணு பொடனியிலயா இருக்கு?’ன்னு கேட்டேன். ‘படிச்சுத்தாண்டி ஊத்தினேன், எலுமிச்சைன்னுதான போட்டிருக்கு’ங்கிறாரு!”

போர்டுக்காரனும் சிரித்தான். ஊசியால் ஸ்டிக்கர் உரித்துக்கொண்டிருந்தவன், நிமிர்ந்து பெருமையாகக்கூடச் சிரித்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

“காப்பகத்துல மூணு இருக்குங்க,” என்றாள்.

அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை.

அவள் போன் எடுத்தாள். ஏழெட்டு முறை மணி அடித்த பிறகே காப்பகத்து ஆயா எடுத்தாள்.

“அக்கா, நேத்து குடுத்த பாட்டில் மூணும் எங்க இருக்கு?”

“ஒண்ணு தொடச்சாச்சு. நல்லா வாசமா இருக்கு. ஒண்ணு பாத்ரூம்ல.”

“மூணாவது?”

“இங்கதான் இருக்கும். புதுசா வந்த பொண்ணு எடுத்து வச்சா. இரு.”

செருப்புச் சத்தம் கேட்டது. குழந்தைகள் சத்தம் அருகே வந்து தள்ளிப் போனது. கதவு ஒன்று திறந்தது. ரப்பர் பிரியும் சத்தம். பிரிட்ஜ் கதவு. அவளுக்கு அது தெரிந்தது.

ஆயாவின் குரல் தாழ்ந்து வந்தது. “தண்ணி பாட்டில் வரிசையில வச்சிருக்கா, பாவி.”

“மூடி திறந்திருக்கா?”

“இல்ல. சீல் அப்படியே இருக்கு. இல்லம்மா, இல்ல.”

“கீழ கொட்டிருங்க. மூணையும் கொட்டிருங்க. இப்பவே.”

“பத்தரைக்குப் புள்ளைங்களுக்கு எதாவது குடிக்கக் குடுக்கிற நேரம்மா,” என்றாள் ஆயா. ஏன் அதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. போனை வைத்துவிட்டாள்.

முடிவெட்டும் கடையில் இரண்டும் துடைப்பம் பக்கத்தில் இருந்தன. போர்டுக்காரன் சாப்பாட்டுக் கடைக்கு ஓடினான். ஐந்து பாட்டிலும் கல்லா மேஜையில், கூல் டிரிங்ஸ் பாட்டில்களோடு சேர்த்து அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கடைக்காரர் சொன்னார்: “ரெண்டு பேர் கேட்டாங்கப்பா. ‘ஐஸ்ல இல்ல, அப்புறம் வாங்க’ன்னு அனுப்பிட்டேன். என்ன, நல்லா ஓடும் போலருக்கே?” அவன் ஐந்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். வழியில் ஒன்று நழுவி விழுந்து உடைந்தது. மஞ்சள் திரவம் சூடான தாரில் ஓடியது. எலுமிச்சை வாசனை தெரு முழுக்க அடித்தது. குடிக்கலாம் போலத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அவள் அலமாரி முன் நின்றிருந்தாள்.

“நம்ம வீட்டுது எங்க?”

“உள்ள இருக்கும் பாரு.”

“உள்ள இல்லங்க. அலமாரில வச்சேன். நேத்து ராத்திரி வரைக்கும் இங்கதான் இருந்துச்சு. நீங்க எடுத்தீங்களா?”

“காலையில எடுத்தேன். போட்டோ எடுக்கறதுக்கு. திருப்பி வச்சிட்டேனே.”

“எங்க வச்சீங்க?”

“அங்கதான்...”

“எங்க எடுத்தீங்க போட்டோ?”

அவன் போனைத் திறந்தான். ஏழு மணி வெயில் சாய்வாக விழும் வாசல் வெளிச்சத்தில் பாட்டில் ஜொலித்தது. எழுத்து தின்னலாம் போல இருந்தது. அவன் அந்தப் படத்தைக் காலையிலிருந்து இருபது பேருக்கு அனுப்பியிருந்தான். இருபது முறை பார்த்தும் கண்ணில் படாதது இப்போது பட்டது. பாட்டில் நின்றது ஸ்டூலின் மேல். படத்தின் ஓரத்தில், கால்வாசி தெரிகிற மாதிரி, நீல நிறச் சாப்பாட்டுப் பையின் காது.

அவள் அதைப் பார்த்தாள். “நான் இன்னைக்கு ஜூஸ் போடல,” என்றாள். “பழம் இல்ல.”

அண்ணனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பெயிண்ட் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, பொறி தெறித்தால் பற்றிக்கொள்ளும். எல்லோருடைய போனும் வெளியே ஒரு மரப்பெட்டியில் கிடக்கும். பட்டறை முதலாளியின் போன் அணைக்கப்பட்டிருந்தது. மணி பத்து ஐம்பது. பட்டறையில் இடைவேளை பதினொன்றுக்கு.

“வண்டிய எடுங்க.”

மூன்று கிலோமீட்டர். வண்டியில் அவள் அவன் சட்டையைப் பிடித்த பிடியில் தோள்பட்டைத் தையல் விட்டது. வழியெல்லாம் அவன் ஒட்டியவை. டயர் கடை. பல் டாக்டர். செருப்புக் கடை. ஒவ்வொன்றும் தொப்பையைத் தள்ளிக்கொண்டு நின்றது. சிக்னலில் நிற்காமல் போனான். யாரோ அவன் அம்மாவை இழுத்துத் திட்டினார்கள்.

“அண்ணனுக்கு வாசனை தெரியாதுங்க,” என்றாள் அவள், அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து.

“தெரியும்.”

“டெய்லரம்மா வீட்டுக்காரருக்கு மூக்கு இருந்துச்சு.”

“தெரியும்னு சொல்றேன்ல!”

போய்ச் சேர்ந்தபோது பதினொன்று தாண்டியிருந்தது. பட்டறை வாசலில் நான்கைந்து பேர் வட்டமாக நின்றார்கள். நடுவில், கவிழ்த்த பெயிண்ட் டின்னில் மூக்கு உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது. எச்சில் கம்பியாக நெஞ்சு வரை தொங்கியது. உதடு வெள்ளை. கண்ணீர் தானாக வழிந்தது. அழவில்லை. வெல்டர் ஒருத்தர் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். இன்னொருத்தர் டம்ளரில் உப்புத் தண்ணீர் கலக்கினார்.

“இதக் குடிக்க வச்சா எல்லாம் வெளிய வந்துரும்மா.”

“வேண்டாம்!” அவள் கத்திய கத்தலில் டம்ளர்க்காரர் பின்னால் போனார். “வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. போனப்ப சுட்டது வரும்போதும் சுடும். வாய மட்டும் கொப்பளிக்கச் சொல்லுங்க. சும்மா தண்ணி. முழுங்க வேண்டாம்ணா, துப்பு. துப்பு.”

காஸ்டிக் டின்னின் நாலாவது வரி. எறும்பு அளவு எழுத்து.

“எவ்வளவு குடிச்சாரு?”

“ரெண்டு மடக்கு,” என்றார் வெல்டர். “நான் பக்கத்துலதான் இருந்தேன். ‘மூக்கு, ஜூஸுல நுரை வருதுடா’ன்னேன். ‘என் தங்கச்சி சோடா ஊத்திருப்பா’ன்னுட்டு அண்ணாந்துட்டான். அப்புறம்தான் எனக்கு சோப்பு வாசனை வந்துச்சு.”

மூக்கு தங்கையைப் பார்த்தார். பிறகு போர்டுக்காரனைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். காற்று மட்டும் வந்தது.

பீரோ ஏற்றும் வேனில் அவரை ஏற்றினார்கள். போர்டுக்காரன் பாட்டிலைக் கையில் வைத்திருந்தான். கீழே வைக்கவும் முடியவில்லை, பிடித்திருக்கவும் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பாட்டிலை வாங்கித் திருப்பினார். இன்னொரு முறை திருப்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“எலுமிச்சை. சரி. இதுல என்ன இருக்கு?”

அவள் சொன்னாள். நுரைக்கூழ் இத்தனை, தண்ணீர் இத்தனை, காஸ்டிக் எத்தனை கரண்டி, எந்தக் கரண்டி. தடங்கலில்லாமல் சொன்னாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.

“இது எதுவுமே பாட்டில்ல இல்லையே?”

அவன்தான் பதில் சொன்னான். “இடம் இல்லைங்க.”

டாக்டரம்மா லேபிளில் இருந்த சின்ன எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார், அதன் இலையைப் பார்த்தார். பாட்டிலை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் தேவலை.

தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். இருவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மின்விசிறி சுற்றியும் காற்று வரவில்லை. எதிர்ச்சுவரில் போர்டுகள் இருந்தன. ‘உள்ளே செல்லாதீர்’. ‘எக்ஸ்ரே. கர்ப்பிணிகள் கவனம்’. எல்லாம் ஒல்லி எழுத்து, ஒரே எழுத்து, யார் வரைந்தது என்று யாரும் கேட்காத எழுத்து. அவன் ஒவ்வொன்றாகப் படித்தான். வெறும் கண்ணால் பார்த்துவிட்டுப் போக முடியவில்லை. படிக்கத்தான் வேண்டியிருந்தது.

பிறகு மனதுக்குள் ‘விஷம்’ என்று குண்டெழுத்தில் போட்டுப் பார்த்தான். வி-யின் கொக்கி அழகாக உருண்டு வந்தது. தின்னலாம் போல இருந்தது. ‘அபாயம்’ போட்டான். அதுவும் அப்படித்தான். அந்த எழுத்துக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியாது.

“நான் சொன்னேன்ல, தரை பெருசா இருக்கணும்னு,” என்றாள் அவள்.

“சொன்ன.”

“நான் விட்டிருக்கக் கூடாது. நல்லா இருந்துச்சேன்னு விட்டுட்டேன்.”

“நான்தான் ஸ்டூல்ல வச்சேன்.”

“அதையும்தான் சொல்லணும்.”

டாக்டரம்மா வெளியே வந்தபோது மணி இரண்டு. வயிறு வரை போகவில்லை, மேல் தொண்டைதான் வெந்திருக்கிறது என்றார். ஆனால் புண் ஆறும்போது குழாய் சுருங்கிக்கொள்ளலாம். சுருங்கினால் தண்ணீர்கூட இறங்காது. ஆறாம் நாள் ஒரு வாய் தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம். அது இறங்கினால் பயமில்லை. அதுவரை வாய்வழி ஒன்றும் கிடையாது, பேச்சும் கிடையாது.

“ஆறு நாள் பேசாம இருப்பாரா?” என்றார்.

“அதுதான் கஷ்டம் டாக்டர்,” என்றாள் அவள். அப்போதுதான் அழுதாள்.

அந்த ஆறு நாளும் வெயில் இறங்கவில்லை. போர்டுக்காரன் திரும்ப வந்த பாட்டில்களின் லேபிளைச் சுடுதண்ணீரில் ஊற வைத்து உரித்தான். பசை போகவில்லை. நகத்தால் சுரண்டினான். கம்ப்யூட்டரோடு சும்மா வந்த ஒல்லி எழுத்தில் புது லேபிள் வெட்டினான்: ‘தரை கழுவ மட்டும். குடித்தால் தொண்டை வெந்துவிடும்.’ பாதி லேபிள் அதற்கே போனது. அதன் கீழே அவள் டாக்டரம்மாவிடம் சொன்னதெல்லாம், வரிசை மாறாமல். எலுமிச்சைக்கு இடம் இல்லை. நிறத்தையும் வாசனையையும் அவள் நிறுத்திவிட்டாள். தண்ணீர் நிறத்தில் இருப்பது அதைவிட ஆபத்து என்று மறுநாளே தோன்றி, கறுநீலம் கலந்தாள். டெய்லரம்மா வந்து பார்த்துவிட்டு, “இதப் பாத்தா தரைக்கே பயமா இருக்கும்க்கா,” என்றாள். யாரும் சிரிக்காததால் அவளே கொஞ்சம் சிரித்துவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரியில் மூக்குக்குப் பேப்பரும் பென்சிலும் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் ‘வேலைக்கு லீவு சொல்லு’ என்று எழுதினார். இரண்டாம் நாள், போர்டுக்காரன் தலையைக் குனிந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, முழங்கையால் இடித்து ஒரு தாளைக் காட்டினார்.

‘நான் படிக்கல மாப்ள. எழுத்தப் பாத்தேன். அவ்ளோதான்.’

அவன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மன்னித்ததாகவும் எடுத்துக்கொள்ளலாம், குத்திக்காட்டியதாகவும் எடுத்துக்கொள்ளலாம். கேட்கத் துணிவில்லை. அதற்கடுத்த நாட்களில் மூக்கு எதையும் எழுதிக் காட்டவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, தாளை மறைத்து, மணிக்கணக்காக எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தார். தங்கை எட்டிப் பார்த்தால் கையால் மூடினார்.

ஆறாம் நாள் காலை நர்ஸ் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். “ஒரு வாய். மெதுவா. டாக்டர் இப்ப வருவாங்க, வந்ததும் குடிக்கலாம்.”

டாக்டரம்மா வந்து கட்டிலின் காலடியில் நின்றார். மூக்கு டம்ளரை எடுக்கவில்லை. அதையே பார்த்தார். முகர்ந்து பார்த்தாலும் அவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. தங்கை டம்ளரை எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். ஒரு மடக்குக் குடித்தாள். கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்துவிட்டு விழுங்கினாள். பிறகு அண்ணன் கையில் கொடுத்தாள்.

“தண்ணிதாண்ணா.”

அவர் ஒரு வாய் எடுத்தார். கண்ணை மூடினார். நாலு பேரும் அவர் கழுத்தைப் பார்த்தார்கள். குரல்வளை மேலே ஏறியது. அங்கேயே நின்றது. போர்டுக்காரன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவர் முகம் கோணியது. பிறகு குரல்வளை கீழே இறங்கியது.

“இறங்குச்சா?” என்றார் டாக்டரம்மா.

மூக்கு தலையாட்டினார். இன்னொரு வாய் எடுத்தார். அதுவும் இறங்கியது. மூன்றாவதை டாக்டரம்மா தடுத்து டம்ளரை வாங்கிவிட்டு, ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

தங்கை தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மூக்கு தலையணைக்கு அடியில் கையை விட்டு ஒரு தாளை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினார். அழித்து அழித்துத் தாள் சில இடங்களில் கிழிந்திருந்தது. முழுத் தாளுக்கும் ஒரே சொல். ‘தரை’. குண்டெழுத்தில், பென்சிலால், நிழலோடு, வெள்ளைக் கீற்றோடு. த-வின் வாலைச் சுருட்டி மெத்தை மாதிரி அடியில் நீட்டி, நடுவில் இருந்த இரண்டு சுழிகளையும் அதன்மேல் வைத்திருந்தார். ர-வின் ஒற்றைக் காலும் அந்த வாலில்தான் ஊன்றியிருந்தது. கீழே சின்னதாக எழுதியிருந்தார்: ‘உக்காருதே மாப்ள.’

போர்டுக்காரன் அதை வெகுநேரம் பார்த்தான். ர கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஆனால் உட்கார்ந்திருந்தது.